சிஞ்சாருக்கு நீங்கள் தர வேண்டிய காகிதங்கள்

பாக்தாத்தில் இருக்கும் ஈராக் அரசுக்கும், எர்பிலில் இருக்கும் குர்திஸ்தான் பிராந்திய அரசுக்கும் வணக்கம்.

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதக் காரணம் இருக்கிறது. ஈராக்கின் வடமேற்கில், யாசிதி என்ற சிறுபான்மைச் சமய மக்கள் வாழும் சிஞ்சார் விஷயத்தில் ஒருவரைக் கேட்டால் அடுத்தவரைக் கைகாட்டுகிறீர்கள், பத்து வருடத்துக்கும் மேலாக இதுதான் நடக்கிறது. அதனால் இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து படிக்கட்டும் என்றுதான் இப்படி எழுதுகிறேன்.

நான் தமிழ்நாட்டில் முப்பது வருடத்துக்கு மேல் சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் நாட்டுக்கு வந்ததில்லை, யாசிதி மக்களில் ஒருவரையும் நேரில் பழகி அறியேன். 2014 ஜூனில் மொசூல் நகரம் ஐ.எஸ். பயங்கரவாதிகள் கையில் விழுந்தபோது எங்கள் வீட்டு டிவியில் நாள் முழுக்க ஈராக்தான் ஓடியது. திக்ரித் மருத்துவமனையில் மாட்டிக்கொண்ட 46 இந்திய நர்சுகள் ஜூலை முதல் வாரம் கொச்சியில் வந்து இறங்கும்வரை ஒரு பதற்றம். மொசூலில் வேலைக்குப் போயிருந்த இந்தியத் தொழிலாளர்களைக் கடத்திவிட்டார்கள் என்ற செய்தி இன்னொரு பக்கம், அவர்கள் என்ன ஆனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கவலையோடு செய்தி பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஆகஸ்ட் முதல் வாரத்தில் டிவியில் சிஞ்சார் மலை வந்தது. மரம் மட்டை இல்லாத மொட்டைப் பாறை, அதன்மேல் எறும்பு ஊர்வதுபோல, ஐ.எஸ். படைக்குத் தப்பி ஏறிய ஆயிரமாயிரம் ஜனங்கள், கையில் குழந்தை, தலையில் ஒரு துணி மூட்டை, சிலர் காலில் செருப்புகூட இல்லை. ஹெலிகாப்டரிலிருந்து தண்ணீர் பாட்டில் விழுகிறது, ஓடுகிறார்கள். அன்றிலிருந்து சிஞ்சார் என்ற பெயர் எங்கே தென்பட்டாலும் நின்று படிக்காமல் என்னால் போக முடிந்ததில்லை.

மயிலை வணங்கும் மக்கள் என்றதும் எங்கள் ஊரில் சிலர் முருகனோடு முடிச்சுப் போட்டு, யாசிதிகள் நம்ம ஆட்கள்தான் என்று எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அந்த மக்களின் மயில் தேவதைக்கும் எங்கள் முருகனுக்கும் உறவு இருக்கிறது என்பதற்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. உறவு இருந்தால்தான் மனசு இரங்க வேண்டுமா என்பதுதான் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது. இந்தக் கடிதத்தை உறவு கொண்டாடி எழுதவில்லை. காகிதத்தோடு காலம் தள்ளியவன் என்ற முறையில் எழுதுகிறேன், ஏனென்றால் நான் படித்தவரையில் சிஞ்சாரின் துயரத்தில் பாதி துப்பாக்கியால் வந்தது, மீதிப் பாதி காகிதத்தால் வந்தது.

ஒரு சொல்லிலிருந்து ஆரம்பிக்கிறேன். யாசிதிகள் தங்கள் மேல் நடந்த ஒவ்வொரு படுகொலையையும் பர்மான் என்றுதான் சொல்கிறார்கள். பர்மான் என்றால் அரசாணை, வேறொன்றும் இல்லை. உதுமானிய சுல்தான்கள் காலத்தில் ஆணை வரும், ஆணைக்குப் பின்னாலேயே படை வரும், ஊர் எரியும். இப்படியே நடந்து நடந்து ஆணை என்ற சொல்லுக்கே அவர்கள் வாயில் கொலை என்று பொருள் வந்துவிட்டது. 2014இல் நடந்ததை 74ஆவது பர்மான் என்று எண்ணி வைத்திருக்கிறார்கள். அரசாணை எண், நாள் என்று எழுதியே சம்பளம் வாங்கியவன் நான். ஒரு ஜனத்துக்கு அரசாணை என்பதும் சாவு என்பதும் ஒரே சொல்லாக இருக்கிறது என்று முதல்முறை படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

2014 ஆகஸ்ட் 3. இதை எர்பிலுக்குச் சொல்ல வேண்டும். அன்று விடியும் முன்பே ஐ.எஸ். படை வந்தபோது சிஞ்சாரைக் காக்கும் பொறுப்பு உங்கள் பெஷ்மர்கா படையிடம்தான் இருந்தது. ஊர் ஜனங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அந்தப் படை பெரும்பாலான இடங்களிலிருந்து வண்டியேறிப் போய்விட்டது. கிர் சேரிக்கிலும் சீபா ஷேக் கிதிரிலும் ஊர்க்காரர்களே வீட்டில் இருந்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு விடியும்வரை தாக்குப்பிடித்தார்கள், தோட்டா தீர்ந்தது, அதற்குமேல் ஓட்டம்தான். ஒருநாள் முன்னதாக, ஏன், மூன்று மணி நேரம் முன்னதாக ஒரு எச்சரிக்கை கொடுத்திருந்தால் எத்தனை குடும்பம் மலையேறித் தப்பியிருக்கும்! பாக்தாத்துக்கும் சொல்லியாக வேண்டும். அதற்கு எட்டு வாரம் முன்பு உங்கள் ராணுவம் மொசூலைக் கைவிட்டு ஓடியபோது விட்டுப்போன ஆயுதமும் வண்டியும்தான் ஐ.எஸ். கைக்குப் போய்ச் சேர்ந்தன. சீபா ஷேக் கிதிர் உங்களுக்குத் தெரியாத ஊரும் இல்லை. 2007 ஆகஸ்ட் 14 அன்று அந்த ஊரிலும் தில் எசேரிலும் லாரி லாரியாக வெடிமருந்து கொண்டுவந்து வெடித்து நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். ஏழு வருடம் முன்பே இவர்களைக் குறிவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தும் காவல் இவ்வளவுதான் இருந்தது.

சரி, பட்டா விஷயத்துக்கு வருகிறேன், இதுதான் எனக்குத் தெரிந்த விஷயம். சிஞ்சார் மலையைச் சுற்றியும் மலைமேலும் யாசிதிகளுக்கு ஊர்கள் இருந்தன, அத்தித் தோப்பு இருந்தது, சிஞ்சார் அத்திப்பழம் என்றால் உங்கள் நாடு முழுக்கப் பேர். 1970களின் நடுவில் சதாம் ஹுசைன் இருந்த பாத் கட்சி ஆட்சி அந்த ஊர்களைக் காலி செய்து, ஜனங்களைக் கீழே சமவெளிக்கு இறக்கி, 11 குடியிருப்புகளில் வரிசை வரிசையாகக் கொண்டுபோய் அடைத்தது. கானாசோர், சினூனி, தோஹோலா, போரிக், தில் எசேர் என்று இன்று நாம் செய்தியில் படிக்கும் பெயர்களில் பல அந்தக் குடியிருப்புகள்தான். அரபுப் பெயரும் வைத்தார்கள். வீடு கட்டிக்கொள்ள இடம் கொடுத்தார்கள், ஆனால் அந்த இடம் உன்னுடையது என்று எழுதிக் கொடுக்கவில்லை. பழைய ஊரில் இருந்த உரிமையும் போச்சு, புது ஊரில் உரிமையும் கிடைக்கவில்லை. அப்பா பேரில் இல்லை, மகன் பேரில் இல்லை, பேரன் பிறந்து அவனுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது, அவன் பேரிலும் இல்லை.

பட்டா இல்லாத வீட்டில் மூன்று தலைமுறை குடியிருப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். புறம்போக்கில் குடியிருக்கும் ஆட்கள் நான் சங்கிலியோடு தெருவில் நுழைந்தாலே முகம் வெளுத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். அளக்க வந்தவன் காலி செய்யச் சொல்லத்தான் வந்திருக்கிறான் என்ற பயம் அது. அந்தப் பயத்தோடு நாற்பது வருடம் வாழ்ந்த ஜனத்தின் மேல் ஐ.எஸ். வந்து, வீட்டை வெடி வைத்துத் தகர்த்து, மிச்சமிருந்ததில் கண்ணிவெடி புதைத்துவிட்டுப் போனான். இப்போது உங்கள் 2009ஆம் வருடத்து 20ஆம் எண் சட்டப்படி போரில் வீடு இழந்தவர் நஷ்ட ஈடு கேட்கலாம். எதைக் காட்டிக் கேட்பது? இடிந்தது உன் வீடுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டால், அந்த மனிதன் கற்குவியலைத்தான் கைகாட்ட முடியும்.

2022 டிசம்பரில் பாக்தாத் அமைச்சரவை இதற்கு ஒரு முடிவு எடுத்தது, 11 குடியிருப்புகளிலும் குடியிருந்தவர்களுக்கே அந்த இடத்தைச் சொந்தமாக்கிக் கொடுப்பது என்று. நல்ல முடிவு, மனசாரச் சொல்கிறேன். ஐ.நா.வின் குடியிருப்புத் திட்ட அமைப்பு வீடு வீடாக அளந்து, அக்கம்பக்கத்தாரை விசாரித்து, குடியிருப்புச் சான்று கொடுத்து வருடக்கணக்கில் செய்த வேலை அதற்கு அடிப்படையாக இருந்தது. ஆனால் அமைச்சரவைத் தீர்மானம் வேறு, ஒரு விதவையின் கையில் இருக்கும் பத்திரம் வேறு. நடுவில் எத்தனை மேசை, எத்தனை முத்திரை என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்த மேசைகளை எல்லாம் சினூனிக்கும் சிஞ்சார் நகரத்துக்கும் கொண்டுவாருங்கள், தப்பிப் போனவர்கள் தங்கியிருக்கும் முகாம்களுக்கும் கொண்டுபோங்கள். குடும்பத்தில் ஆண்கள் எல்லோரும் செத்துப்போன வீடுகள் எத்தனையோ இருக்கின்றன, அங்கே பெண்ணின் பேரில் எழுதிக் கொடுங்கள், மாமன் பேரிலோ பங்காளி பேரிலோ அல்ல.

அப்புறம் நஷ்ட ஈடு. 2023இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் விசாரித்தபோது, சிஞ்சார் ஜனங்களின் ஆயிரக்கணக்கான மனுக்கள் எல்லாப் படியும் தாண்டி ஒப்புதலாகியும் பணம் மட்டும் வராமல் கிடந்தன. மனுப் போடுவதற்காக வாடகை வண்டி பிடித்து, சோதனைச் சாவடி தாண்டி, வக்கீலுக்குக் கொடுத்து, திரும்பத் திரும்ப அலைந்த செலவே பலருக்குக் கடனாகியிருக்கும். அதே வருட பட்ஜெட்டில் சிஞ்சாருக்கும் நினிவே சமவெளிக்கும் சேர்த்து 5,000 கோடி தினாரில் ஒரு மறுசீரமைப்பு நிதியும் அறிவித்தீர்கள். சிஞ்சார் நகரத்தில் பொதுக் கட்டடங்களில் 80 சதவீதமும் வீடுகளில் 70 சதவீதமும் அழிந்துபோனதாகக் கணக்கு. 2015 நவம்பரில் ஊரை மீட்டபோது எடுத்த படங்களில் பழைய கடைவீதி ஒரு கல் மேல் ஒரு கல் இல்லாமல் கிடந்தது. அந்தப் படத்துக்கும் இன்றைய படத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரிய வேண்டாமா?

இடையில் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டீர்கள். 2020 அக்டோபர் 9, சிஞ்சார் ஒப்பந்தம். ஊருக்கு ஒரே ஒரு நிர்வாகத் தலைவர், உள்ளூர் ஆட்களிலிருந்தே 2,500 பேர் கொண்ட காவல் படை, மற்ற ஆயுதக் குழுக்கள் வெளியேறுவது, ஊரைத் திரும்பக் கட்டுவது என்று எழுதியிருந்தது. ஐ.நா. கூட இருந்தது. யாசிதிகள் மட்டும் அந்த மேசையில் இல்லை. யாருடைய ஊரோ அவர்களை விட்டுவிட்டு ஊரைப் பற்றி ஒப்பந்தம்! நில அளவையில் ஒரு பழக்கம் உண்டு, பக்கத்து நிலத்துக்காரனுக்கு நோட்டீஸ் கொடுக்காமல் எல்லைக்கல் நடமாட்டோம், நட்டாலும் மறுநாள் காலையில் அந்தக் கல் அங்கே இருக்காது. ஒரு வயலுக்கே அப்படி என்றால், ஒரு ஜனத்தின் தாய் மண்ணுக்கு?

இன்றும் அங்கே ராணுவம் இருக்கிறது, கூட்டரசின் போலீஸ் இருக்கிறது, ஹஷ்த் என்ற துணைப்படையின் பிரிவுகள் இருக்கின்றன, யாசிதிகளின் சொந்த ஆயுதக் குழுக்களே ஒன்றுக்கு மேல் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்து நிற்கிறது. 2017 அக்டோபருக்குப் பிறகு பாக்தாத் வைத்த ஒரு மேயர் ஊரிலும், எர்பில் ஆதரவு பெற்ற மேயர் குர்திஸ்தான் பிராந்தியத்தில் உள்ள டோஹுக்கிலும் இருந்து வேலை பார்த்தார்கள், ஜனங்கள் ஒரு கையெழுத்துக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் திண்டாடினார்கள். 2022 மே மாதம் சினூனியில் ராணுவத்துக்கும் ஒரு யாசிதிப் படைக்கும் சண்டை வந்து, முகாமிலிருந்து அப்போதுதான் ஊர் திரும்பியிருந்த குடும்பங்கள்கூட மறுபடி மூட்டை கட்டின. மேலே துருக்கியின் ட்ரோன் வேறு எப்போது வரும் என்று தெரியாது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஊருக்குப் போ என்றால் எப்படிப் போவார்கள்?

போ என்றுதான் சொன்னீர்கள். பாக்தாத் 2024 ஜனவரியில் முடிவெடுத்து, ஜூலை 30க்குள் குர்திஸ்தான் பிராந்தியத்தில் உள்ள முகாம்களை மூடிவிட வேண்டும் என்று கெடு வைத்தது. திரும்பும் குடும்பத்துக்கு 40 லட்சம் தினார், ஏறத்தாழ 3,000 டாலர். எத்தனையோ பேர் அந்தப் பணத்தை நம்பிக் கூடாரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், போனவர்களில் சிலர் இடிந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே அதே கூடாரத்தை மறுபடி அடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், சிலர் தாக்குப்பிடிக்க முடியாமல் டோஹுக்குக்கே திரும்பினார்கள். கெடு முடிந்தது, முகாம்கள் மூடவில்லை. ஆனால் அந்தத் தேதி நெருங்க நெருங்க முகாமில் இருந்தவர்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள் என்று யோசித்தீர்களா? எழுதப்பட்ட ஆணை, அதில் ஒரு தேதி, ஊரைக் காலி செய் என்ற வாசகம். அவர்கள் மொழியில் அதற்கு என்ன பெயர் என்று மேலே சொல்லிவிட்டேன்.

அதோடு முடியவும் இல்லை. அதே 2024 ஆகஸ்டில், படுகொலையின் பத்தாம் ஆண்டு நினைவு நாளை ஒட்டி ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு யாசிதிகளுக்கு எதிராகச் சமூக வலைத்தளங்களிலும் சில மேடைகளிலும் வெறுப்பு கொட்டியது. டோஹுக் முகாம்களிலிருந்து நூற்றுக்கணக்கான குடும்பங்கள் பயந்துபோய் அவசர அவசரமாகச் சிஞ்சாரை நோக்கி வண்டி பிடித்தன. எதுவும் இல்லாத ஊர் என்று தெரிந்தேதான் ஓடினார்கள். எர்பில் அரசே, பத்து வருடம் இடம் கொடுத்தீர்கள், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், லட்சக்கணக்கானவர்கள் உங்கள் மண்ணில்தான் உயிர் பிழைத்தார்கள். ஆனால் திடீரென்று அவ்வளவு பேர் ஓடினார்கள் என்றால், பத்து வருடத்திலும் அவர்களுக்கு உங்களிடம் நம்பிக்கை வரவில்லை என்றுதானே அர்த்தம்? 2014இல் எச்சரிக்காமல் போன அந்த அதிகாலையைப் பற்றி வெளிப்படையான விசாரணை நடத்தி, யார் உத்தரவு போட்டார்கள் என்று ஜனங்கள் முன் வையுங்கள். அதுவும் நீங்கள் தர வேண்டிய ஒரு காகிதம்தான்.

இனி புதைகுழிகள். எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

மொசூலில் கடத்தப்பட்ட எங்கள் நாட்டுத் தொழிலாளர்கள் 39 பேர் பஞ்சாப், பீகார், இமாச்சலம், மேற்கு வங்கத்துக்காரர்கள். அவர்களோடு கடத்தப்பட்ட இன்னொருவர் மட்டும் தப்பி வந்து, மற்றவர்களைக் கொன்றுவிட்டார்கள் என்று சொன்னார். உறுதியான ஆதாரம் இல்லாமல் இறந்துவிட்டார்கள் என்று அறிவிக்க முடியாது என்று எங்கள் அரசு சொல்லி வந்தது. வீட்டில் இருந்த பெண்கள் நான்கு வருடம் பொட்டை அழிக்கவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் தவித்தார்கள். கடைசியில் மொசூலுக்குப் பக்கத்தில் பாதூஷில் ஒரு மண்மேட்டை ராடார் வைத்துப் பார்த்து, தோண்டி, உங்கள் பாக்தாத் ஆய்வகத்தில் டி.என்.ஏ. பரிசோதனை செய்து, 2018 மார்ச்சில் அத்தனை பேரும் இறந்ததை எங்கள் நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். ஏப்ரலில் 38 பேரின் உடல் பெட்டிகளில் ஊர் வந்தது. அந்தத் தாய்மார் அழுததை டிவியில் பார்த்தேன். அழுகைதான், ஆனால் நான்கு வருடமாக அழ முடியாமல் இருந்தவர்களின் அழுகை அது. செய்து கொடுத்தவர்கள் நீங்கள், அதற்கு இந்தியன் என்ற முறையில் நன்றி. உங்களால் முடியும் என்று அதனால்தான் எனக்குத் தெரியும்.

சிஞ்சாரைச் சுற்றி இதுவரை 80க்கு மேல் புதைகுழிகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. கோச்சோ கிராமத்தை ஐ.எஸ். பன்னிரண்டு நாள் முற்றுகையில் வைத்திருந்தது, 2014 ஆகஸ்ட் 15 அன்று எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் கூட்டி, ஆண்களை ஊர் எல்லையில் கொண்டுபோய்ச் சுட்டது. வயதான பெண்களை சோலாக் என்ற இடத்தில் கொன்று புதைத்தார்கள், அடிமைகளாக விற்கத் தேற மாட்டார்கள் என்பது மட்டுமே அவர்கள் செய்த குற்றம். அதில் ஒரு தாய்க்குப் பிறந்தவர்தான் 2018இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற நாதியா முராத். கோச்சோவில் 2019 மார்ச்சில் தோண்டத் தொடங்கினார்கள், அடையாளம் கண்ட 104 பேரை 2021 பிப்ரவரியில் அதே கிராமத்துக்குக் கொண்டுவந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குழி வெட்டி, தலைமாட்டில் படம் வைத்து அடக்கம் செய்தார்கள். செத்து ஆறரை வருடம் கழித்து. ஒரு கிராமத்தில் ஒரு பகுதி ஜனத்துக்கே அவ்வளவு காலம்.

தோண்டாத குழிகள் மழையில் கரைகின்றன, ஆடு மாடு நடக்கிறது, எலும்பு மேலே வருகிறது. அடையாளம் காண ரத்த மாதிரி வேண்டும், கொடுக்க வேண்டிய உறவினர்களில் பலர் ஜெர்மனியில் இருக்கிறார்கள், ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள், சில குடும்பங்களில் கொடுக்க ஒருவருமே மிஞ்சவில்லை. நாள் போகப் போக ரத்தம் கொடுக்கத் தகுந்த வயசாளிகளும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். சாட்சியம் சேகரிக்க ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2017இல் ஏற்படுத்திய புலனாய்வுக் குழுவையும் 2024 செப்டம்பரோடு முடித்து அனுப்பிவிட்டீர்கள், பாக்தாத் கேட்டுக்கொண்டபடி. சரி, நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றீர்கள், பாருங்கள். ஆள் போடுங்கள், பணம் போடுங்கள், எந்தக் குழி எந்த மாதம் திறக்கப்படும் என்று ஒரு அட்டவணை போட்டு முகாம் வாசலில் ஒட்டுங்கள். காத்திருப்பவர்களுக்கு ஒரு தேதி தெரிந்தால்கூட போதும்.

ஐ.எஸ். கடத்திக்கொண்டு போன யாசிதிகள் 6,400க்கும் மேல். அதில் சுமார் 2,600 பேர் எங்கே என்று இன்னும் தெரியவில்லை. எல்லோரும் செத்திருப்பார்கள் என்று கோப்பை மூட நினைத்தால், 2024 அக்டோபரில் காஸாவிலிருந்து மீட்கப்பட்ட பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். பதினோரு வயதில் தூக்கிக்கொண்டு போனார்கள், இருபத்தொரு வயதில் திரும்பி வந்தாள். சிரியாவின் அல் ஹோல் முகாமிலும் தங்கள் பெயரையே மறைத்துக்கொண்டு இருந்த யாசிதிப் பெண்களைப் பிறகு கண்டெடுத்திருக்கிறார்கள். சின்ன வயதில் போன பிள்ளைகளுக்குத் தாய்மொழியும் மறந்திருக்கும், தேடி வருகிறவர்கள் யாரென்றும் தெரியாது. இத்தனை வருடமும் இவர்களைத் தேடியதும் பணம் கொடுத்து மீட்டதும் பெரும்பாலும் குடும்பங்கள், கடன் வாங்கி, நகை விற்று.

மீண்டு வந்தவர்களுக்காக 2021 மார்ச் 1 அன்று உங்கள் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மாத உதவித்தொகை, நிலம், அரசு வேலையில் 2 சதவீதம், ஆகஸ்ட் 3ஐ நினைவு நாளாக அறிவிப்பது என்று நல்ல சட்டம், துர்க்மேன், கிறிஸ்தவ, ஷபக் பெண்களையும் சேர்த்துக்கொண்ட சட்டம். விண்ணப்பம் வாங்கவே ஒன்றரை வருடமானது. அப்புறம் விண்ணப்பத்தோடு குற்றப் புகார் பதிவு செய்த காகிதமும் இருக்க வேண்டும் என்றார்கள். என்ன நடந்தது என்று அந்தப் பெண் ஏற்கனவே டாக்டரிடம் சொல்லியிருப்பாள், விசாரணைக் குழுவிடம் சொல்லியிருப்பாள், வீட்டிலும் கொஞ்சம் சொல்லியிருப்பாள். மறுபடி நீதிமன்றத்தில் போய்ச் சொல்லி, அதற்கு ஒரு ரசீது வாங்கிக்கொண்டு வந்தால்தான் உதவித்தொகை என்றால், அந்த ரசீது இல்லாமல் வீட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்று எத்தனை பேர் ஒதுங்கியிருப்பார்கள்? ஏற்கனவே எடுத்த சாட்சியம் உங்கள் கையில் இருக்கிறது, அதையே ஏற்றுக்கொள்ளுங்கள்.

அந்தச் சட்டத்தில் அவர்களுடைய பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி இல்லை. சிறையிருப்பில் பலாத்காரத்தில் பிறந்த பிள்ளைகள். 2015ஆம் வருடத்து அடையாள அட்டைச் சட்டத்தின்படி அந்தப் பிள்ளை முஸ்லிம் என்றே பதிவாகும், தாய் யாசிதியாக இருந்தாலும். யாசிதி சமயத் தலைமை 2014இலேயே, மீண்டு வரும் பெண்கள் நம் பெண்கள்தான் என்று அறிவித்து தங்கள் கோயில் இருக்கும் லாலிஷின் புனிதச் சுனையில் நீராட்டிச் சேர்த்துக்கொண்டது. பெரிய மனசு அது. ஆனால் பிள்ளைகள் விஷயத்தில் 2019இல் கதவை ஒருக்களித்துத் திறந்து சில நாளிலேயே சாத்திவிட்டார்கள். அவர்களோடு எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் அழிவின் விளிம்பில் நிற்கும் சமூகத்துக்கு நான் உபதேசம் செய்யமாட்டேன். உங்களிடம்தான் கேட்கிறேன். பிள்ளையின் சமயம் என்ன என்று எழுதும் அந்தக் கட்டத்தைத் தாய் சொல்கிறபடி நிரப்பவோ வெறுமையாக விடவோ சட்டத்தில் இடம் கொடுங்கள். உங்கள் படிவத்தில் அந்த ஒரு கட்டம் இருப்பதால், ஊரா பிள்ளையா என்று ஒரு தாய் முடிவு செய்ய வேண்டி வருகிறது. பிள்ளையை விட்டுவிட்டு வந்த தாய்களும் இருக்கிறார்கள், பிள்ளைக்காக ஊர் திரும்பாமலே இருக்கும் தாய்களும் இருக்கிறார்கள்.

நீதிமன்றம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இனப்படுகொலை என்ற குற்றத்துக்கு உங்கள் சட்டத்தில் தனிப் பிரிவு இல்லை, பயங்கரவாதச் சட்டத்தில் சில நிமிடத்தில் விசாரணை முடிந்துவிடுகிறது, யாரை விற்றான், யாரைக் கொன்றான் என்று ஒருவரும் கேட்பதில்லை. யாசிதிகளுக்கு நடந்தது இனப்படுகொலை என்று முதன்முதலில் ஒருவனைத் தண்டித்தது 2021 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்பர்ட் நீதிமன்றம். பலூஜாவில் ஐந்து வயதுப் பெண் குழந்தையை வெயிலில் கட்டிப்போட்டுத் தாகத்தில் சாகவிட்டவன் அவன். குழந்தை செத்தது உங்கள் மண்ணில். தீர்ப்பு ஏன் அங்கே எழுதப்பட்டது?

மண் என்றதும் ஒன்று விட்டுப்போனது. ஐ.எஸ். போகும்போது சினூனிப் பக்கம் பாசனக் கிணறுகளில் கல்லையும் எண்ணெயையும் கொட்டி, மோட்டாரையும் ஒயரையும் உருவிக்கொண்டு, தோப்பு மரங்களை வெட்டியும் கொளுத்தியும் போனான். கிணறு தூர்ந்தால் விவசாயி ஊர் திரும்பமாட்டான், இது எந்த நாட்டுக்கும் பொது. கிணறு தூர்வாரும் பணத்தை வீட்டுக்கான 40 லட்சத்தில் சேர்த்துப் பார்க்காதீர்கள், அது தனிக் கணக்கு.

இவ்வளவையும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. முதலில் யாசிதிகளை மேசைக்குக் கூப்பிடுங்கள், முகாமில் இருப்பவர்களையும் ஊர் திரும்பியவர்களையும், பெண்களையும் சேர்த்து. அந்த மேசையில் ஒரே மேயரை முடிவு செய்யுங்கள். பட்டாவை அச்சடித்துக் கையில் கொடுங்கள், ஒப்புதலான நஷ்ட ஈட்டைக் கொடுங்கள், குழிகளுக்குத் தேதி போடுங்கள். அதுவரை முகாம்களுக்குத் தேதி போடாதீர்கள்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். கான்கேயிலும் ஷார்யாவிலும் எசியானிலும் கூடாரத்தில் இருப்பவர்களுக்கு எழுதுங்கள். அவர்கள் பேசும் குர்மாஞ்சி மொழியிலேயே எழுதுங்கள். தந்தை பெயர், பாட்டன் பெயர், பழைய மலையூரின் பெயர் எல்லாம் பிழையில்லாமல் இருக்கிறதா என்று அவர்களிடமே ஒருமுறை படித்துக் காட்டிவிட்டு முத்திரை குத்துங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருவர், தமிழ்நாடு